கதிரையில் இருந்த மணிக்கூடு

வீடு துப்புரவாக இருந்தால் மனசு நிறைந்துவிடுமாம். என் மதினி போனில் ஒரு பெண்ணைக் காட்டுகிறாள். அந்தப் பெண் தன் உடுப்புகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, மடித்து, அலுமாரி லாச்சிக்குள் நிறுத்தி வைத்துவிட்டு, பெரிய காய்ச்சல் வருத்தத்திலிருந்து எழும்பியவள் மாதிரி ஒரு மூச்சு விடுகிறாள். "பாருங்களேன், என்ன சந்தோஷம் அவட முகத்தில" என்கிறாள் மதினி. நானும் பார்க்கிறேன். எனக்கு வருவது சந்தேகம்தான். இவள் எங்கேயோ போகப்போகிறாள், அதுதான் இவ்வளவு அவசரமாக அடுக்குகிறாள் என்று நினைக்கிறேன். பாஸ்போட் வந்துவிட்டதா, பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டாளா என்று கேட்க வாய் உன்னுகிறது.

இது எனக்குப் பத்து வயதில் பிடித்துக்கொண்ட குணம். எங்கள் குடும்பத்தில் இதை ஒரு பகிடியாக வைத்திருக்கிறார்கள். பெருநாளைக்கு எல்லோரும் கூடினால், வட்டிலப்பம் முடிவதற்குள் யாராவது ஒருவர், "எங்க, உம்மாவ வெளிநாட்டுக்கு அனுப்பின ஆள்?" என்று தொடங்கிவிடுவார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் பகிடி பண்ணுவார்கள் என்று தெரியும். போன நோன்புக்குப் பிறகுதான் அந்தச் சிரிப்பை நிறுத்தினேன்.

அப்போது நாங்கள் கற்பிட்டிப் பக்கம் ஆலங்குடாவில் இருந்தோம். யுத்தம் முடிந்து ஒரு வருஷம் இருக்கும். அதற்கு இருபது வருஷத்துக்கு முன்னால் வடக்கிலிருந்து உடுத்த உடுப்போடு வெளியேற்றப்பட்ட எங்கள் முஸ்லிம் சனங்கள் வந்து தங்கிய பக்கம் அது. கிடுகுக் கொட்டில்களாகத் தொடங்கி, பிறகு சீமெந்துக் கல் வீடுகளாக மாறியிருந்தது. உம்மாவும் வாப்பாவும் இளம் வயதில் அப்படி வந்தவர்கள். மூத்தவளான ராத்தாவும் நானும் இந்த மணலிலேயே பிறந்தவர்கள். ஆனாலும் வீட்டில் "எங்கட ஊர்" என்றால் அது மன்னார்ப் பக்கத்து ஊர்தான். நான் ஒருநாளும் கண்ணால் காணாத ஊர் எனக்குச் சொந்த ஊர், பிறந்து வளர்ந்த ஊர் சும்மா தங்கியிருக்கும் ஊர்.

அந்த ஊருக்கு "அடுத்த மாசம்" போகப்போவதாக வாப்பா நான் பிறப்பதற்கு முன்பிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த மாசம் போகிறவர்கள் மூட்டையை அவிழ்ப்பார்களா? எங்கள் வீட்டிலும் ஒன்றும் அவிழவில்லை. உடுப்பெல்லாம் யூரியா உர பேக்குகளுக்குள். சட்டிபானை சாக்குக்குள். பிறப்புச் சாட்சிப் பத்திரம், பதிவுத் துண்டுகள் எல்லாம் கதவுக்குப் பின்னால் ஒரு தோள் பேக்குக்குள். விருந்தாளிகளுக்கான ஆறு கோப்பைகளும் ஒரு காட்போட் பெட்டிக்குள், ஒவ்வொன்றும் பேப்பரில் சுற்றப்பட்டு. யாராவது வந்தால் பேப்பரை அவிழ்த்து, கழுவி, தேத்தண்ணி கொடுப்போம். அவர்கள் போனதும் கழுவித் துடைத்துத் திரும்பச் சுற்றி வைப்போம். விருந்தாளி வாசலைத் தாண்டுவதற்குள் ராத்தா சுற்றத் தொடங்கிவிடுவாள். அதற்காக உம்மாவிடம் ஒரு தடவை குட்டும் வாங்கியிருக்கிறாள்.

இவ்வளவு பேக்கும் சாக்கும் இருந்தால் வீடு எப்படி இருக்கும்? எதைத் தேடினாலும் ஐந்து முடிச்சு அவிழ்க்க வேண்டும். பள்ளிக்கூடச் சப்பாத்தின் மற்றக் கால் எந்தச் சாக்கில் என்று தேடித் தேடியே காலை விடியும். உம்மா தேடுவார், சத்தம் போடுவார், அழுவார், திரும்பவும் தேடுவார். உம்மாவின் முகம் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

சுவரில் ஒரு ஆணி கிடையாது. அது வாப்பாவின் சட்டம். "நாளைக்குப் போற ஆக்களுக்கு ஆணி என்னத்துக்கு?" என்பார். உம்மாவின் கலியாணத்துக்கு யாரோ கொடுத்த சுவர் மணிக்கூடு ஒன்று எங்களிடம் இருந்தது. சுவரில் ஏற முடியாததால் அது ஒரு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. நாங்கள் நாலு பேர், வீட்டில் நாலு கதிரை, அதில் ஒன்று மணிக்கூட்டுக்கு. ஆகவே கடைக்குட்டியான எனக்குக் கதிரை இல்லை. நான் உடுப்புச் சாக்கின் மேல் இருந்து சாப்பிட்டு, சாக்கின் மேல் இருந்து படித்து வளர்ந்தேன்.

வாப்பாவுக்குக் கருவாட்டு வியாபாரம். கற்பிட்டியில் கருவாடு எடுத்து, மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊரூராக விற்பார். யுத்தம் முடிந்து பாதை திறந்ததும் மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாலாவிச் சந்தியில் பஸ் ஏறி மன்னாருக்குப் போனார். எங்கள் காணியில் காடு மண்டி, எல்லைக் கல்லைக்கூடக் காணவில்லையாம். அதன் பிறகு பத்து நாள் அங்கே காடு வெட்டுவார், பத்து நாள் இங்கே கருவாடு விற்பார். கையெல்லாம் முள்ளுக் கீறலோடு வந்து, "கிணறு தெரியுது இப்ப" என்று சந்தோஷமாகச் சொல்வார். உம்மா கீறலுக்கு மருந்து பூசுவார்.

வாப்பா அங்கே காடு வெட்டப் போயிருந்த ஒரு நாள்தான் இங்கே உம்மா தொடங்கினார். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வீட்டு நடுவில் யூரியா பேக்குகள் எல்லாம் வயிறு கிழிந்து கிடந்தன. உம்மா முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு, உடுப்புகளை நாலு குவியலாகப் பிரித்துக்கொண்டிருந்தார். பழைய அலுமாரி ஒன்று எங்கிருந்தோ வந்திருந்தது, ஒரு கதவு இல்லாமல். என் உடுப்புக்கு ஒரு தட்டு, ராத்தாவுக்கு ஒரு தட்டு.

"இனி இதுதான் ஒண்ட எடம். எடுத்தா எடுத்த எடத்தில வெக்கோணும். வெளங்குதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "உம்மா, மன்னாருக்குப் போறமா?" என்று கேட்டேன்.

"போற எண்டா கட்டுவாங்களா, அவுப்பாங்களா?"

நியாயமான கேள்விதான். அடுத்த நாள் டின்கள் எல்லாம் கழுவி வெயிலில் காய்ந்தன. ராத்தாவின் கொப்பியிலிருந்து தாள் கிழித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டி, ஒவ்வொன்றிலும் உம்மா எழுதினார்: உப்பு, சீனி, தேயிலை, மிளகாய்த் தூள், கொத்தமல்லி. கோப்பைகள் பேப்பரை விட்டு வெளியே வந்து பலகையில் வரிசையாகக் கவிழ்ந்தன. கோப்பைப் பெட்டியை உம்மா வெளியே எறிந்தார். நான் அதைத் திரும்ப எடுத்துவர ஓடினேன், ஆனால் ரோட்டில் திரிகிற கழுதைகள் எனக்கு முந்திக்கொண்டன. நான் பிறப்பதற்கு முன்பிருந்து கோப்பைகளைக் காத்த பெட்டி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவற்றின் வாய்க்குள் போய்விட்டது.

காற்றோடு மணல் வந்து நிறையும் வீட்டை உம்மா ஒரு நாளைக்கு மூன்று தடவை கூட்டினார். படுக்கையை விரித்து, விரிப்பின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்துச் சொருகினார். அப்படி எங்கள் ஊரில் யாரும் சொருகி நான் கண்டதில்லை. அதைவிட எனக்குப் பிடிக்காதது வேறொன்று. ஒவ்வொரு பின்னேரமும் உம்மா ராத்தாவை முன்னால் நிறுத்திக் கேள்வி கேட்டார். கொத்தமல்லி எங்கே? வாப்பாவின் சாரன் எந்தத் தட்டில்? தங்கச்சியின், அதாவது என்னுடைய, தடுப்பூசிக் காட் எங்கே? ராத்தா பரீட்சைக்கு நிற்கிற மாதிரி நின்று பதில் சொன்னாள். ராத்தாவுக்குப் பதினாலு வயது. இதெல்லாம் அவள் ஏன் இவ்வளவு அவசரமாகத் தெரிந்துகொள்ள வேண்டும்?

அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சொன்னேன். என்னைவிட ஒரு வயது கூட. அவளுடைய உம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருஷம், அவளை அவளுடைய சாச்சி வளர்த்தார். ஆகவே இந்த விஷயத்தில் அவள் சொன்னால் அது சட்டம் மாதிரி. நான் சொல்லச் சொல்ல அவள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"விரிப்ப மடிச்சுச் சொருகுறாவா?"

"ஓம்."

"அப்ப ட்ரெயினிங் எடுத்துட்டா. அங்கதான் அப்புடிச் சொருகப் பழக்குற. டின்னில பேரு எழுதினாவா?"

"ஓம்."

"எங்கட உம்மாவும் எழுதினா. இனி காது தெரியிற படம் இரிக்கா எண்டு பாரு."

காது தெரிகிற படம் என்றால் என்ன என்று அவளே விளக்கினாள். எங்கள் பெண்கள் வெளியே போனால் தலையைச் சுற்றி முக்காடு போட்டிருப்பார்கள், காது தெரியாது. பாஸ்போட்டுக்குப் படம் எடுக்கும்போது மட்டும் ஸ்டூடியோக்காரர் முக்காட்டைப் பின்னுக்கு இழுக்கச் சொல்வார். காது தெரிந்தால் அது பாஸ்போட். கடைசியாக ஒன்று சொன்னாள், அது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

"ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தன். வீடு கூட்டி இரிந்திச்சு. உம்மா இல்ல."

அன்றிலிருந்து பள்ளிக்கூடம் விட்டால் நான் நடந்து வீட்டுக்கு வந்ததில்லை. மணலில் ஓடி, வேலி மூலையில் நின்று, முற்றத்தில் கூட்டின தும்புத்தடிக் கோடு இருக்கிறதா என்று முதலில் பார்ப்பேன். இருந்தால் இன்னும் வேகமாக வாசலுக்கு ஓடுவேன். உம்மாவின் செருப்பு வாசலில் இருந்தால்தான் மூச்சு வரும். செருப்பு இருந்தாலும் முழுதாக நம்ப மாட்டேன். புதுச் செருப்பு வாங்கியிருக்கலாம் அல்லவா?

உம்மாவிடம் நேரே கேட்டிருக்கலாம் என்று பெருநாள் பகிடியில் எல்லோரும் சொல்கிறார்கள். கேட்டு, "ஓம்" என்று சொல்லிவிட்டால்? அதனால்தான் கேட்கவில்லை. ராத்தாவும் இதற்கு உடந்தை என்று முடிவு செய்தேன். பாதகி, எல்லாம் தெரிந்துகொண்டு என்னிடம் மறைக்கிறாள். ஆனால் அவளிடமே ஒரு வழியும் இருந்தது. ராத்தாவுக்கு எல்லாம் பழகினால்தானே உம்மா போவார்? பழகாவிட்டால் எப்படிப் போவார்?

அடுத்த நாளே வேலையைத் தொடங்கினேன். உப்பு டின்னின் தாளை உரித்துச் சீனி டின்னில் ஒட்டினேன், சீனியின் தாளை உப்பில். சோற்றுப் பருக்கை தாராளமாகக் கிடைத்தது. வாப்பாவின் சாரனை என் தட்டுக்கும், என் தடுப்பூசிக் காட்டை மிளகாய் டின்னுக்கு அடியிலும் மாற்றினேன். பின்னேரப் பரீட்சையில் ராத்தா ஒவ்வொன்றாகத் தோற்றாள். "நேத்து இங்கதான் உம்மா இரிந்திச்சு, அல்லாஹ் மேல ஆணையா" என்று அழுதாள். மன்னாரிலிருந்து களைத்து வந்த வாப்பா முதல் மிடறு தேத்தண்ணியை முற்றத்தில் துப்பினார்.

"இவளுக்கு இன்னும் ஒண்டும் பழகல்ல" என்று உம்மா தலையில் கைவைத்தார். எனக்கு உள்ளுக்குள் கந்தூரிச் சோறு தின்ற திருப்தி. ராத்தாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று சொல்லத்தான் ஆசை, ஆனால் அப்போது இருக்கவில்லை.

இப்படி இரண்டு மூன்று கிழமை போனது. நான் கலைப்பேன், உம்மா அடுக்குவார். ஏச்சு ராத்தாவுக்கு. ஆனால் ஒன்றைக் கவனித்தேன், கவனித்தபோது அது என் சந்தேகத்தை இன்னும் கூட்டியது. உம்மா அழுவதில்லை. சத்தம் போடுவது குறைந்துவிட்டது. வேலை முடிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு, கோப்பைப் பலகைக்கு முன்னால் சும்மா கொஞ்ச நேரம் நிற்பார். ஒரு கோப்பையை இந்தப் பக்கம் ஒரு விரல் அளவு தள்ளுவார். ஒரு நாள் வாய்க்குள் ஏதோ பாடவும் செய்தார். போகிற சந்தோஷம் என்று நான் கணக்குப் பண்ணினேன். எங்களை விட்டுப் போவதில் இவ்வளவு சந்தோஷமா என்று எனக்கு ஆத்திரம் வந்தது, அழுகையும் வந்தது.

அந்த ஆத்திரத்தில்தான் படத்தைத் தேடினேன். முந்தி என்றால் ஒரு வருஷம் தேடினாலும் கிடைத்திராது. இப்போது பிஸ்கட் டின்னில் 'பத்திரங்கள்' என்று எழுதியே வைத்திருந்தார். திறந்தேன். ஸ்டூடியோவின் சின்ன உறை. உள்ளே நாலு படம். உம்மா நேரே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு காதும் தெரிந்தன.

படத்தை ஒளித்துவிட்டால் பயணம் நின்றுவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கே ஒளிப்பது? சாக்கெல்லாம் போய்விட்டது. பெட்டியைக் கழுதை தின்றுவிட்டது. பாயை உம்மா தினமும் உதறுகிறார். டின்னுக்குள் வைத்தால் டின்னைக் கழுவுகிறார். பாழாய்ப்போன வீட்டில் ஒரு பொருளை ஒளிக்க ஒரு இடம் இல்லை. சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். வீட்டில் இன்னும் தனக்கென்று இடம் கிடைக்காத பொருள் ஒன்றுதான் இருந்தது. கதிரையில் சாய்ந்திருந்த மணிக்கூட்டைத் தூக்கி, அதன் முதுகுப் பள்ளத்துக்குள் நாலு படத்தையும் சொருகிவிட்டு, பழையபடி சாய்த்து வைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, அஸர் தொழுத பிறகு, உம்மா தூசு துடைத்துக்கொண்டு வந்தார். வாப்பா மன்னாரில். ராத்தா ஓதப் போயிருந்தாள். உம்மா மணிக்கூட்டைத் தூக்கியதும் படங்கள் ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தன. குனிந்து எடுத்து, படத்தைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"இத ஆரு இதுக்குள்ள வெச்ச?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"ஒன்னத்தான் கேக்குறன். என்னத்துக்கு ஒளிச்ச?"

"நீங்க குவைத்துக்குப் போறதுக்குத்தானே எடுத்த?"

"ஆரு செல்லின ஒனக்கு?"

"ஆரும் செல்லல்ல. வீட்டப் பாத்தா தெரியுதுதானே. வீடு இவ்வளவு துப்புரவா இரிக்கி. காதும் தெரியுது."

உம்மா சிரித்தார். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் தண்ணி வரும்வரை. "அது பேங்குப் புத்தகத்துக்கு எடுத்த படம்டி, மக்கு" என்றார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக, "டின்னில தாள மாத்தி ஒட்டினதும் நீதானா?" என்று கேட்டார். ஓம் என்றேன். வாப்பாட சாரன்? ஓம். தடுப்பூசிக் காட்? ஓம். இனி அடி நிச்சயம் என்று கன்னத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன்.

அடி விழவில்லை. உம்மா நிலத்தில் உட்கார்ந்தார். படங்கள் மடியில் கிடந்தன. அலுமாரி, கோப்பைப் பலகை, டின் வரிசை, மூலை சொருகிய படுக்கை எல்லாவற்றையும் ஒரு தடவை சுற்றிப் பார்த்தார், ஒருவருடைய வீட்டுக்கு முதல் தடவையாக வந்தவர் பார்ப்பது போல. கண்ணில் இன்னும் தண்ணி இருந்தது, சிரிப்பு முடிந்து கொஞ்ச நேரமாகியும். பிறகு எழும்பினார்.

"போய் அம்மிக் குழவிய எடுத்து வா."

வாப்பா அடுத்த தடவை மன்னாருக்குக் கொண்டுபோக ஒரு பேக் கட்டி வைத்திருந்தார், அந்த வீட்டில் அவிழாமல் மிஞ்சியிருந்த ஒரே பேக். அங்கே போடப்போகும் கொட்டிலுக்கு வாங்கிய ஆணிப் பக்கெட் அதற்குள் இருந்தது. உம்மா அந்த முடிச்சை அவிழ்த்து ஆணி எடுத்தார். வாப்பாவின் பேக்கில் கை வைப்பதா என்று எனக்குப் பகீரென்றது. கதிரையில் ஏறி நின்று ஆணியைப் பிடிக்கும் வேலை எனக்கு.

"அடி படும், உம்மா."

"படாது. பட்டா நான் இங்கதானே இரிக்கிறன்."

முதல் ஆணி வளைந்தது. இரண்டாவது சுவரைத் தட்டிவிட்டு எங்கேயோ பறந்தது. மூன்றாவது இறங்கியது. அம்மிக் குழவியால் ஆணி அடித்த பெண் எங்கள் ஊரில் உம்மா ஒருவர்தான் இருப்பார். மணிக்கூடு சுவரில் ஏறியது. படங்கள் பிஸ்கட் டின்னுக்குத் திரும்பிப் போயின. அன்றைக்கே தாள்களையெல்லாம் சரியான டின்னில் நானே ஒட்டினேன். ராத்தா திரும்பி வந்து விஷயம் அறிந்ததும் என் தொடையில் கிள்ளினாள், அது ஒரு கிழமை நீலமாக இருந்தது.

நாலு நாளில் வாப்பா வந்தார். பேக்கை வாசலில் வைத்துவிட்டு நிமிர்ந்தவர், சுவரைப் பார்த்து அப்படியே நின்றார். மற்ற நாள் என்றால் உம்மா தேத்தண்ணிக்கு ஓடியிருப்பார். அன்றைக்குக் குசினி வாசலில் நின்றார்.

"ஆரு அடிச்ச?"

"நான்தான்" என்றார் உம்மா.

வாப்பா வெகுநேரம் நின்றார். பிறகு கிட்டப் போய், "சாஞ்சு இரிக்கி" என்று சொல்லி, மணிக்கூட்டை இரண்டு விரலால் நேராக்கினார். தேத்தண்ணி கேட்டார். உப்பு இல்லாத தேத்தண்ணி கிடைத்தது. அதன் பிறகும் மன்னாருக்குப் போய் வந்தார், ஆனால் பத்து நாள் ஐந்தாகி, ஐந்து நாள் இரண்டானது. உம்மா எங்கேயும் போகவில்லை. நான் பைத்தியக்காரியாகப் பெருநாள் பகிடியில் இடம் பிடித்தேன்.

போன நோன்புக்குப் பிறகு உம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனோம். கிளினிக் காட்டை மறந்துவிட்டார் என்று நான் உம்மாவின் வீட்டுக்கு எடுக்க வந்தேன். அதே வீடுதான், இப்போது சுவர் நிறைய ஆணி. "மூணாவது லாச்சி, பச்சை டின்" என்று போனில் சொன்னார். சொன்ன இடத்தில் இருந்தது. பக்கத்தில் இன்னொரு டின், அதில் உம்மாவின் கையெழுத்தில் 'தேவையில்லாதது' என்று எழுதியிருந்தது. தேவையில்லாததற்கும் இடம் ஒதுக்கி வைக்கிற மனுஷி. குணம் விடுமா, திறந்தேன். காலாவதியான காட்டுகளுக்கு அடியில் ஒரு பாஸ்போட். முதல் பக்கத்தில் இரண்டு காதும் தெரிய உம்மா. மற்றப் பக்கங்கள் எல்லாம் வெறுமை.

கிளினிக் வரிசையில் உம்மாவுக்குப் பக்கத்தில் போய் இருந்துகொண்டு மெல்லக் கேட்டேன்.

"அப்ப, பேங்குக்கு எண்டு செல்லினது?"

"பத்து வயசுப் புள்ளைக்கு வேற என்னத்தச் செல்ல?" என்றார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"போகத்தான் இரிந்தீங்களா?"

"ஓம். மன்னாரில ஒரு வீடு கட்டோணும் எண்டு ஒங்கட வாப்பாக்கு ஆசை. வேற வழி இல்ல. வெளிநாடு போற ஆக்கள்ட மெடிக்கல் செக்கப்புக்கு ரெண்டு தரம் நாள் குடுத்தாங்க. ஒங்கட ராத்தாக்கு உப்பும் சீனியும் தெரியல்ல, இவள நம்பி எப்புடிப் புள்ளயள விட்டுட்டுப் போற எண்டு ரெண்டு தரமும் தள்ளிப் போட்டன்."

இவ்வளவு காலமும் என்னைப் பகிடி பண்ணினார்களே, பாவிகள்.

உம்மா கிளினிக் காட்டை மடியில் வைத்துத் தடவினார். "போறதுக்கெண்டுதான் எல்லாத்தையும் அவுத்து அடுக்கின. நீ கலைச்ச, நான் திரும்ப அடுக்கின. ஒவ்வொரு நாளும் அடுக்கி அடுக்கி எனக்கு அந்த வீடு புடிச்சுப் போச்சு. அதுக்கு முந்தி எனக்கு ஒரு வீடு இரிந்திச்சு எண்டே தெரியாது, மகள்" என்றார். அதற்குள் அவருடைய இலக்கத்தைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது என் வீட்டிலும் மஃரிபுக்கு முன்னால் ஒவ்வொரு பொருளையும் அதன் இடத்தில் வைக்கிறேன். கணவரின் மோட்டார் சைக்கிள் திறப்பு ஆணியில், பிள்ளையின் சப்பாத்து சோடியாக வாசலில், கோப்பைகள் பலகையில். கடைசிக் கோப்பையை வைத்ததும் ஒரு நிம்மதி வருகிறது, அதை ஒளிக்க மாட்டேன். மதினியின் போனில் மூச்சு விடுகிற பெண் பொய் சொல்லவில்லை போலும். ஆனாலும் அவளுடைய பிள்ளைகளிடம் ஒருதரம் விசாரிப்பது நல்லது.

பாஸ்போட்டைப் பார்த்த நாளிலிருந்து நான் நினைப்பது வாப்பா வந்து சுவரைப் பார்த்து நின்ற அந்த நாலாம் நாளைத்தான். உம்மா போனால்தான் அங்கே வீடு. உம்மா போகவில்லை என்பதையும், இனி அங்கே வீடு இல்லை என்பதையும் வாப்பா ஒரு ஆணியைப் பார்த்து விளங்கிக்கொண்டு நின்றிருக்கிறார். அதுவும் அவர் வாங்கிய ஆணி. என்ன சொல்வாரோ என்று உம்மா குசினி வாசலில் நின்றிருக்கிறார். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில், மணிக்கூடு எழும்பிப்போன கதிரையில், கால் நிலத்தில் முட்டாமல் இருந்தேன். எனக்கு அன்றைக்கு விளங்காதது ஒன்றே ஒன்றுதான். இப்போதுதான் வீட்டில் நாலு பேருக்கும் கதிரை இருக்கிறதே, இவர்கள் இரண்டு பேரும் ஏன் இருக்காமல் இவ்வளவு நேரம் நிற்கிறார்கள்?